நீரிழிவு என்ற சொல்லும் நம் முதல் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டமும்

ஆண்டுதோறும் நம் சங்க மலருக்குச் சமணர் கல்வெட்டு, பழைய நிகண்டு, ஊர்ப்பெயர் ஆராய்ச்சி என்று ஏதாவது ஒன்றை எழுதிக் கொடுப்பது என் வழக்கம். இவ்வாண்டு மலர்க்குழுவினர் கேட்டபோது, "இந்தத் தடவை சுகரைப் பற்றி எழுதுகிறேன்" என்றேன். "ஐயா, அதை எழுத நம்மிடம் டாக்டர்கள் இருக்கிறார்களே" என்றார்கள். இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் நோயை வெளியிலிருந்து பார்ப்பவர்கள். நான் 2003 முதல் அதோடு குடித்தனம் நடத்துபவன். படித்தது எஸ்.எஸ்.எல்.சி. வரை, தொழில் புனே மார்க்கெட் யார்டில் அரிசி மண்டி. ஆகவே இதில் மருந்து அளவு எதையும் சொல்லமாட்டேன். படித்ததையும் பட்டதையும் மட்டும் சொல்கிறேன்.

பழக்கதோஷம், சொல்லிலிருந்தே தொடங்குகிறேன். நீரிழிவு என்றால் நம்மில் பலருக்கு 'இழிவு' என்ற பகுதிதான் காதில் விழுகிறது, ஏதோ கேவலம் போல. உண்மையில் இழிதல் என்பதன் முதற்பொருள் இறங்குதல், வழிந்தோடுதல் என்பதே. மலையிலிருந்து அருவி இழிகிறது என்று பழந்தமிழ் நூல்களில் பரக்கக் காணலாம். உடம்பின் நீர் ஓயாமல் இறங்கிப் போவதால் நீரிழிவு. வியப்பு என்னவென்றால், கிரேக்கரும் இதே கண்ணோடு பார்த்துத்தான் பெயர் வைத்தார்கள். 'டயாபிடிஸ்' என்றால் ஊடாகக் கடந்து போவது என்று பொருள். கப்படோசியா நாட்டு மருத்துவர் அரிட்டேயஸ், உடம்பே உருகிச் சிறுநீராகப் போகும் நோய் என்று இதை வருணித்தார். நம் நாட்டில் சரகரும் சுசுருதரும் மதுமேகம் என்றார்கள். மது என்பது தேன். எறும்பு மொய்ப்பதைக் கொண்டு சிறுநீரின் இனிப்பை அறிந்தார்கள். சுசுருதர் பிறவியிலேயே வருவது, தீனியால் வருவது என்று இரண்டாகப் பிரித்தும் காட்டினார். இன்று டைப் 1, டைப் 2 என்று பேசுகிறோமே, அதற்கு முழுக்க ஒத்ததல்ல என்றாலும், அந்தக் காலத்தில் அந்தப் பிரிவினை தோன்றியதே பெரிய விஷயம்.

ஆக, பெயர் வைத்தவர் யாரும் நோயாளியை இழிவாக நினைக்கவில்லை. அதை மறைக்க வேண்டிய இழிவாக்கியது நாம்தான். நானும் அப்படித்தான் எட்டு வருடம் மறைத்தேன். அந்தக் கதையைச் சொல்லாமல் மேலே போனால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும்.

வந்தவாசிப் பக்கம் எங்கள் ஊர். நாங்கள் தமிழ்ச் சமணர். (இங்கே ஜெயின் என்றால் "மார்வாடியா, குஜராத்தியா?" என்று கேட்பார்கள், தமிழ் என்றால் என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள். அது வேறு கட்டுரைக்கு உரியது.) எங்கள் வீட்டில் பொழுது சாய்ந்தபின் உண்பதில்லை. ஆவணி, புரட்டாசியை ஒட்டி வரும் தசலட்சண நாட்கள் பத்தும் நான் ஒருவேளை உணவோடு இருப்பேன். 2003-இல் சுகர் என்று தெரிந்தபோது டாக்டரிடம் இவை எதையும் சொல்லவில்லை. சொன்னால் விரதத்தை விடச் சொல்வார் என்ற பயம். கடையிலும் சொல்லவில்லை. சரக்கு கடனாக எடுக்கிற தொழிலில் முதலாளிக்கு நோய் என்று தெரிந்தால் நாலு பேர் நாலு விதமாகக் கணக்குப் போடுவார்கள். 2011-இல் பெரிய பையனுக்கு வரன் பேச்சு நடந்துகொண்டிருந்தது. "யாரிடமும் மூச்சு விடாதே" என்று என் துணைவியாரிடம் சத்தியமே வாங்கியிருந்தேன்.

அந்த வருட தசலட்சணத்தில் ஆறாம் நாள். பகல் பதினொன்றுக்கு ஒருவேளை உணவு. மாத்திரை மட்டும் வழக்கம்போல் காலையும் மாலையும். இரவு பத்தரை இருக்கும், உடம்பெல்லாம் வியர்த்து நனைந்தது, கை நடுங்கியது. அதன்பின் நடந்ததை மற்றவர் சொல்லித்தான் அறிவேன். மனைவியிடம் மராத்தியில் பேசினேனாம், கணக்குப்பிள்ளை என்று நினைத்துக்கொண்டு. அவர் சர்க்கரைத் தண்ணீர் கலந்து கொண்டுவந்து, "என்னங்க, இதைக் குடிங்க" என்றால், உதட்டை இறுக்கிக்கொண்டு தலையை ஆட்டினேனாம். இரவில் வாயில் எதுவும் படக்கூடாது என்பது மட்டும் நினைவில் நின்றிருக்கிறது.

பக்கத்து வீட்டில் ஒரு மராத்தி அம்மாள், செவிலியர். அவரைக் கூப்பிட்டார்கள். நான் தள்ளாடுவதையும் உளறுவதையும் பார்த்து, "குடித்திருக்கிறாரா?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. ஆயுளில் கள்ளைத் தொடாதவனுக்கு இந்தப் பெயர்! அடுத்து, "ஷுகர் ஆஹே கா?" என்று கேட்டார். என் துணைவியார் பதில் சொல்லாமல் நின்றார். நான் வாங்கிய சத்தியம் அவர் தொண்டையை அடைத்துக்கொண்டிருந்தது. எத்தனை நொடியோ, ஒரு நிமிடமோ. பிறகு அழுதுகொண்டே "ஆமாம்" என்றார். அந்த அம்மாள் ஓடிப்போய்த் தன் குளுக்கோமீட்டரைக் கொண்டுவந்து பார்த்தார்: 42. "இது சாப்பாடு இல்லை, மருந்து" என்று என் காதருகே திரும்பத் திரும்பச் சொல்லிக் குடிக்க வைத்தார். மருந்து என்ற சொல்லுக்கு வாய் திறந்தது.

இரத்தச் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினாலே தாழ்சர்க்கரை. மூளைக்கு அன்றாட எரிபொருள் குளுக்கோஸ்தான் என்பதால், அது குறையக் குறைய முதலில் தடுமாறுவது புத்தி. ஆளுக்கு நினைவு இருந்து விழுங்க முடிந்தால், சுமார் 15 கிராம் குளுக்கோஸ் அல்லது சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து கொடுத்து, 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும்; ஏறவில்லையென்றால் இன்னொரு முறை. நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, மூச்சுக்குழலில் போய்விடும். நேரே ஆஸ்பத்திரிதான். சில மாத்திரைகள், கிளிபென்கிளமைடு போன்றவை, உண்டாலும் உண்ணாவிட்டாலும் கணையத்தைப் பிழிந்துகொண்டே இருக்கும். அதன் வேலை நீண்ட நேரம் நிற்பதால், ஏற்றிய சர்க்கரை மறுபடி இறங்கும். எனக்கும் அப்படித்தான் ஆயிற்று. விடிய விடியக் குளுக்கோஸ் ஏற்றினார்கள்.

டாக்டர் கோபித்துக்கொண்டார். "விரதம் இருப்பதைச் சொல்லியிருந்தால் மாத்திரையை மாற்றிக் கொடுத்திருப்பேனே" என்றார். விரதத்தை விடச் சொல்லவே இல்லை! நான் எட்டு வருடம் பயந்தது இல்லாத ஒன்றுக்கு. ஊருக்குப் போனபோது எங்களில் நோன்பு விவரம் அறிந்த ஒரு பெரியவரையும் கேட்டேன். நோன்பை எடுக்கும்போதே மருந்துக்கும் ஆபத்துக்கும் இடம் வைத்து எடுத்துக்கொள்ளச் சொன்னார். இன்றும் பொழுது சாய்ந்தபின் உண்பதில்லை. தலைமாட்டில் குளுக்கோஸ் டப்பா இருக்கிறது. வரன்? அந்தச் சம்பந்தமே அமைந்தது. சம்பந்தியாருக்கும் சுகர், அவரும் மறைத்துக்கொண்டிருந்தாராம்.

அடுத்த வருடம், 2012-இல், சங்கத்தின் பின்பக்க அறையைக் கேட்டு வாங்கி, மாதத்தின் முதல் ஞாயிறு காலை பத்து மணிக்குக் கூடத் தொடங்கினோம். முதல் கூட்டத்துக்கு ஆறு பேர். "சுகர் சங்கம்" என்று கிண்டல் செய்தவர்களில் பாதிப்பேர் இப்போது அதன் உறுப்பினர்கள். (சங்கத்தின் மற்றக் கூட்டங்களில் கேசரியும் பஜ்ஜியும் தொடர்கின்றன என்பதை வருத்தத்துடன் பதிவு செய்கிறேன்.)

நோயாளிகள் கூடுவதற்கு ஒரு பெரிய வரலாறு உண்டு என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. 1922 ஜனவரியில் டொராண்டோ நகர ஆஸ்பத்திரியில் லியனார்டு தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதன்முதலாக இன்சுலின் போட்டார்கள். 11-ஆம் தேதி போட்டது சுத்தமில்லாததால் பலிக்கவில்லை. காலிப் என்பவர் சுத்தப்படுத்திக் கொடுத்ததை 23-ஆம் தேதி போட்டபோது பலித்தது. அதற்கு முந்தைய ஆண்டுதான் பான்டிங்கும் பெஸ்ட்டும், மக்லவுட் என்ற பேராசிரியரின் ஆய்வுக்கூடத்தில் அதைக் கண்டுபிடித்திருந்தார்கள். காப்புரிமையைப் பல்கலைக்கழகத்துக்குப் பெயருக்கு ஆளுக்கு ஒரு டாலருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். வியாபாரி என்ற முறையில் அந்த ஒரு டாலரை நினைத்து நான் பலமுறை வெட்கப்பட்டிருக்கிறேன்.

அந்தச் சமயம் இங்கிலாந்தில் ராபர்ட் லாரன்ஸ் என்ற இளம் டாக்டருக்கே கடும் நீரிழிவு. வீட்டாருக்குப் பாரமாக இருந்து சாக வேண்டாம் என்று இத்தாலியின் புளோரன்ஸ் நகருக்குப் போய்விட்டார். 1923-இல் இன்சுலின் வந்துவிட்ட செய்தி எட்டியதும் லண்டன் திரும்பிப் பிழைத்தார். 1968 வரை வாழ்ந்தார். அவரும், அவரிடம் வைத்தியம் பார்த்துக்கொண்ட புகழ்பெற்ற எழுத்தாளர் எச்.ஜி.வெல்ஸும் சேர்ந்து 1934-இல் நீரிழிவாளர் சங்கம் ஒன்றை ஏற்படுத்தினார்கள். பணம் இல்லாதவனுக்கும் இன்சுலின் கிடைக்க வேண்டும் என்பது அதன் நோக்கங்களில் ஒன்று. வெல்ஸ் தன் நோயை மறைக்கவில்லை. ஊரறியச் சொல்லி அழைப்பு விடுத்தார். அச்சங்கமே இன்று டயாபிடிஸ் யூ.கே. என்ற பெயரில் நோயாளிகளுக்கு உதவுவதோடு ஆராய்ச்சிக்கும் பணம் தருகிறது. நமக்குப் பக்கத்தில் பம்பாயில் 1955-லேயே இந்திய நீரிழிவுச் சங்கம் தோன்றிவிட்டது. சென்னையில் எம்.விஸ்வநாதன் 1948-இல் ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் நீரிழிவுக்கென்று தனிப் பிரிவு தொடங்கி, 1954-இல் ராயபுரத்தில் ஒரு மருத்துவமனை கண்டார். வழி போட்டவர்கள் இருந்தார்கள், நடந்து போகத்தான் நமக்குத் தோன்றவில்லை.

இனி ஆராய்ச்சி. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2008 முதல் 2020 வரை மாநிலம் மாநிலமாகச் சென்று 1,13,043 பேரைச் சோதித்து, 2023-இல் முடிவை வெளியிட்டது. வயது வந்தவர்களில் 11.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. ஆள் கணக்கில் சுமார் 10 கோடியே 10 லட்சம். வாசற்படியில் நிற்பவர்கள், அதாவது முன்நிலையில் இருப்பவர்கள், இன்னும் 13 கோடியே 60 லட்சம். இம்மாதிரிக் கணக்குகள் எப்படி வருகின்றன? யாரோ ஒருவர் வீட்டுக் கதவைத் தட்டி விரல் நுனியில் ஒரு சொட்டு இரத்தம் கேட்க, யாரோ ஒருவர் கொடுக்க, வருகின்றன. என் நோயை மறைத்த காலத்தில் அப்படிக் கணக்கெடுக்க வந்த இரண்டு பெண்களைப் படியிலேயே நிறுத்தி, "எங்கள் வீட்டில் யாருக்கும் ஒன்றும் இல்லை" என்று திருப்பி அனுப்பியவன் நான். வெயில் நேரம். ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டார்கள், கொடுத்தேன், இரத்தம் கொடுக்கவில்லை.

நம்மவருக்கு ஏன் இவ்வளவு? இதற்கு விடை தேடியதில் நம் புனேவுக்குப் பெரும் பங்கு உண்டு. கே.இ.எம். மருத்துவமனையின் டாக்டர் யாக்னிக், 2004-இல் 'லான்செட்' இதழில் ஒரு படம் போட்டார். அவரும் லண்டன் டாக்டர் யுட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். உயரத்துக்கேற்ற எடைக் கணக்கு இருவருக்கும் ஒன்றே, 22.3. ஆனால் உடம்பில் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, நம்மவருக்கு 21.2. பார்த்தால் இருவரும் ஒல்லி! புனேயைச் சுற்றியுள்ள கிராமத்துக் குழந்தைகள் சராசரி 2.7 கிலோ எடையோடும், இங்கிலாந்தின் சவுத்தாம்டன் நகரக் குழந்தைகள் 3.5 கிலோவோடும் பிறந்தன. எடை இவ்வளவு குறைந்தும் நம் குழந்தைகளின் தோலடிக் கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை; குறைந்தது தசையே என்றும் அவர் குழு கண்டது. "நான் ஒல்லியாத்தானே இருக்கேன், எனக்கெப்படி சுகர்?" என்று கேட்போருக்கு அந்தப் படத்தைத்தான் காட்டுகிறோம்.

இன்சுலின் செய்யும் வேலையை எங்கள் கூட்டத்தில் நான் மார்க்கெட் யார்டு பாஷையில் சொல்வேன். சோறு செரித்து வரும் குளுக்கோஸ் லாரியில் வந்து நிற்கும் மூட்டை. உடம்பின் செல்கள் கிடங்கு. மூட்டையை உள்ளே கொண்டுபோய் வைக்கும் ஹமால்தான் இன்சுலின். டைப் 1-இல் ஹமாலே கிடையாது. வெளியிலிருந்து கூட்டி வந்தே ஆகவேண்டும், அதுதான் ஊசி. டைப் 2-இல் ஹமால் இருக்கிறார், கிடங்குக் கதவு துருப்பிடித்துவிட்டது. மூட்டை தெருவில் குவிகிறது. கொஞ்ச நாள் கூடுதல் ஹமால் போட்டு முட்டித் தள்ளிப் பார்க்கும் உடம்பு. பிறகு அவர்களும் களைத்துவிடுவார்கள். நடையும் உடற்பயிற்சியும் கதவுக்கு எண்ணெய். தசைதான் பெரிய கிடங்கு என்பதால், தசை குறைந்த நம் உடம்பில் இடமும் குறைவு.

கதவுக்கு எண்ணெய் போட்டால் பலன் உண்டா என்று சென்னையில் டாக்டர் ராமச்சந்திரன் குழுவினர் பார்த்தார்கள், 2006-இல் வெளிவந்தது. முன்நிலையில் இருந்த 531 பேரை நான்கு பிரிவாக்கி மூன்று ஆண்டுக் கணக்கு எடுத்தார்கள். வழக்கமான அறிவுரையோடு விட்டவர்களில் 55 விழுக்காட்டினர் நீரிழிவாளர் ஆனார்கள். நடை, உணவு என்று விடாமல் வழிநடத்தப்பட்டவர்களில் 39.3. மெட்பார்மின் மாத்திரை மட்டும் என்றால் 40.5. இரண்டும் சேர்ந்தால் இரட்டை லாபம் என்று நாம் எதிர்பார்ப்போம், 39.5தான், அதற்குமேல் அசையவில்லை. அதாவது நடைக்கும் மாத்திரைக்கும் ஏறக்குறைய ஒரே எடை. அதே குழுவினர் 2013-இல் வெளியிட்ட இன்னொரு சோதனையில், முன்நிலையில் இருந்த 537 ஆண்களில் பாதிப்பேருக்குக் கைப்பேசியில் அடிக்கடி நினைவூட்டுச் செய்தி அனுப்பினார்கள். இரண்டு ஆண்டு முடிவில் செய்தி பெற்றவர்களில் 18 விழுக்காடு, பெறாதவர்களில் 27 விழுக்காடு நீரிழிவுக்கு வந்திருந்தனர். ஒரு சின்னச் செய்தி! யாரோ நம்மை நினைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதுதான் வேலை செய்ததோ என்று எனக்குத் தோன்றும். அது என் ஊகம், ஆராய்ச்சி அல்ல.

சரி, டாக்டர் இல்லாமல் நம்மைப் போன்றவர்களே கூடிப் பேசினால்? இதையும் சோதித்திருக்கிறார்கள். கேரளத்தில் நெய்யாற்றின்கரை வட்டத்தில் 60 வாக்குச்சாவடிப் பகுதிகளில், ஆபத்து அதிகமுள்ள 1,007 பேரைக் கொண்டு நடத்தினார்கள். பாதிப் பகுதிகளில் குழுக்கள் அமைத்து, அந்தந்தக் குழுவிலிருந்தே ஒருவருக்குப் பயிற்சி கொடுத்து, ஓராண்டுக்கு 15 கூட்டம். முடிவு 2018-இல் வந்தது. இரண்டு ஆண்டில் கூட்டம் இல்லாத பகுதியில் 17.1 விழுக்காடு, கூட்டம் நடந்த பகுதியில் 14.9 விழுக்காடு நீரிழிவுக்கு வந்தார்கள். வித்தியாசம் இருக்கிறதே என்று கைதட்டத் தோன்றும். ஆனால் புள்ளியியல் தராசில் அது தற்செயலாகவும் இருக்கக்கூடிய சிறு வித்தியாசம்தான் என்று அவர்களே எழுதிவிட்டார்கள். எடை குறைந்தால் குறைந்தது என்றுதானே சொல்லவேண்டும்? அதே சமயம், கூட்டத்துக்கு வந்தவர்கள் காய்கனி கூடுதலாக உண்டார்கள், குடிப்பவர்கள் குடியைக் குறைத்தார்கள், உடம்பின் செயல்திறன் மேம்பட்டது என்பதையும் அதே ஆய்வு காட்டியது. ஆகவே நம் கூட்டத்தால் நோய் வராமல் போய்விடும் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்க எனக்கு உரிமையில்லை. வந்தவர்கள் மறைக்காமல் இருப்பார்கள் என்று மட்டும் சொல்வேன். என் அனுபவத்தில் அதுவே ஓர் உயிரின் விலை.

கூட்டத்தில் என்னதான் செய்கிறோம்? முதலில் நாடா. சென்னை ஆய்விலிருந்து டாக்டர் மோகன் குழுவினர் 2005-இல் உருவாக்கிய ஒரு மதிப்பெண் முறை உண்டு, இரத்தமே வேண்டாம். வயது 35-க்குக் கீழே என்றால் சுழியம், 49 வரை 20, ஐம்பது தொட்டால் 30. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் 10, இருவருக்கும் என்றால் 20. இடுப்பு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 தாண்டினால் 10. அதற்குமேல் இன்னும் 10 சென்டிமீட்டர் ஏறினால் 20. உடற்பயிற்சியும் இல்லை, உட்கார்ந்த வேலை என்றால் 30. மொத்தம் 60-ஐத் தொட்டால் உடனே இரத்தம் பார்க்க வேண்டும். கல்லாவில் உட்காரும் ஐம்பது வயதுக்காரர் ஒருவர் எழுந்திருப்பதற்கு முன்பே 60 எடுத்துவிடுகிறார்! இளைய மருமகன்களை விளையாட்டாக அளக்கப் போய், நீரிழிவு இருப்பதே தெரியாத மூன்று பேரை இதுவரை கண்டிருக்கிறோம்.

பிறகு சோறு. இதில் நான் பேசுவது சங்கடம்தான். என் பிழைப்பே வெள்ளை அரிசி. 21 நாடுகளில் ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்கு மேற்பட்டவர்களைத் தொடர்ந்து பார்த்த ஓர் ஆய்வு 2020-இல் வந்தது. நாளொன்றுக்கு 450 கிராமுக்கு மேல் சோறு உண்பவர்களுக்கு, 150 கிராமுக்குள் உண்பவர்களைவிட நீரிழிவு ஆபத்து 20 விழுக்காடு கூடுதல். தெற்காசியர் மட்டும் என்றால் 61 விழுக்காடு. தவிடு முழுக்கப் போகத் தீட்டினால் மிஞ்சுவது மாவுச்சத்து. விரைவில் கரைந்து இரத்தத்தில் ஏறும். பளபளவென்று தீட்டிய பொன்னிதான் வேண்டும் என்று கேட்டு வாங்குபவர்கள் நாம்; விற்பவன் நான். இப்போது கூட்டத்துக்கு வருபவர்கள் கடைக்கு வந்தால், மாதத்துக்கு எத்தனை கிலோ என்று நான் எதிர்க்கேள்வி கேட்கிறேன். என் மகன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான்.

"சோறு வேண்டாம், ஜ்வாரி பாக்ரி சாப்பிடுங்கள், சுகரே ஏறாது" என்று இங்கே அக்கம்பக்கம் சொல்வார்கள். வாய்ச்சொல்லை நம்பாமல் நாங்கள் அவரவர் குளுக்கோமீட்டரால் உண்டபின் இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்துக் குறித்துவருகிறோம். எனக்குத் தட்டு நிறையச் சோறும் சாம்பாரும் என்றால் 248. இரண்டு பாக்ரி, கத்தரிக்காய்க் கறி: 189. பாதிச் சோறு, ஒரு கிண்ணம் கீரை, ஒரு கிண்ணம் கொள்ளுச் சுண்டல்: 171. பாக்ரி நல்லதுதான், ஆனால் மூன்றாவது பாக்ரி சோற்றுக்குச் சமம். இது என் உடம்பின் கணக்கு. பக்கத்தில் உட்காரும் நண்பருக்கு வேறு. அவரவர் நோட்டு அவரவருக்கு.

கடைசி அரை மணி காலுக்கு. செருப்பைக் கழற்றி ஒருவர் காலை ஒருவர் பார்ப்போம். முதலில் கூச்சம், இப்போது இல்லை. என் தமையனார் ஊரில் இருந்தவர். நரம்பு மரத்த கால். சித்திரை வெயிலில் கோயில் கருங்கல் தளத்தில் வெறுங்காலோடு மூன்று சுற்று வந்தார். சுட்டது தெரியவில்லை. கொப்புளத்தை இரண்டாம் நாள்தான் அண்ணி பார்த்தார். ஒரு மாதத்தில் இரண்டு விரல்கள் போயின. வெளியூரிலிருந்து குலதெய்வம், கும்பாபிஷேகம் என்று விடுமுறைக்குப் போகிற நாம் பெரும்பாலும் கோடையில்தான் போகிறோம். நான் பருத்திக் காலுறை போட்டுக்கொண்டு போகிறேன். இதுவரை யாரும் தடுக்கவில்லை. இன்சுலின் போடுகிறவர்கள் ரயிலில் மருந்தைக் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஐஸ்கட்டியில் நேராகப் படவிடாதீர்கள், உறைந்தால் மருந்து கெட்டது. ஊரில் ஃபிரிட்ஜ் இல்லாவிட்டால் ஈரமணலில் வைத்த மண்பானை போதும்.

காட்கியிலிருந்து ஒரு தாயார் எங்கள் கூட்டத்துக்கு வருகிறார். மகளுக்குப் பதினோரு வயதில் டைப் 1. பள்ளியில் கழிப்பறைக்குள் ஒளிந்து ஊசி போட்டுக்கொண்டு வளர்ந்த பெண். முதல் இரண்டு வருடம் தாயார் மட்டும் வந்து, "சொந்தக்காரப் பிள்ளைக்கு" என்று சொல்லித்தான் கேள்வி கேட்டார். ஒரு நாள் அந்தப் பெண்ணே வந்து, எல்லார் முன்னாலும் ஊசி போட்டுக் காட்டி, "இவ்வளவுதான், மாமா" என்றாள். ஊசிக்குப் பயந்து மாத்திரையோடு இழுத்துக்கொண்டிருந்த எங்களில் இரண்டு பெரியவர்கள் அந்த மாதமே டாக்டரிடம் போனார்கள். அவளுக்கு வரன் பார்க்கையில் முதல் பேச்சிலேயே சொல்லிவிட வேண்டும் என்று தாயாரும் மகளும் முடிவு செய்தார்கள். ஒரு பேச்சு அதோடு நின்றது. அடுத்தது நிற்கவில்லை. கல்யாணத்துக்கு நாங்கள் பன்னிரண்டு பேர் போயிருந்தோம். பந்தியில் பாயசத்தை யார் எத்தனை கரண்டி வாங்கினார்கள் என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம்.

கூட்டம் வழக்கம்போல் மாதத்தின் முதல் ஞாயிறு காலை பத்து மணிக்கு, சங்கக் கட்டடத்தின் பின்பக்க அறையில். கட்டணம் இல்லை. வருகிறவர்கள் கடைசியாக எடுத்த இரத்தப் பரிசோதனைத் தாளும், போடுகிற மாத்திரையின் அட்டையும் கொண்டுவரவும். மாத்திரையை மாற்றச் சொல்வதற்கு அல்ல, பெயரை வீட்டில் இன்னொருவரும் எழுதி வைத்திருக்கிறார்களா என்று பார்ப்பதற்கு. வீட்டுக்காரரையோ வீட்டுக்காரியையோ கட்டாயம் அழைத்து வரவும். காலை டிபனைச் சாப்பிட்டுவிட்டு வரவும்.